‘தெரியும்’ என்று சொல்லாத ஜனீல்

ஜனீல் மிக்கெல்சன் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிவிட்டு, முதல் காரியமாக மூக்கைச் சிந்துகிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் மார்மன் சபையில் அன்று எல்லாரும் இரண்டு வேளை உபவாசம். கடைசி பெஞ்சுவரை வயிறு இரைவது கேட்கிறது. மனசில் பட்டவர் மேடையேறித் தம் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்லலாம். முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒரே வாக்கியம்: "இந்தச் சபை உண்மைன்னு எனக்குத் தெரியும்." மூன்று வயதுக் குழந்தைகூட, அம்மா காதில் ஓத ஓத, அதையே சொல்லிவிட்டு இறங்கும்.

ஜனீல் சொல்வது வேறு.

"ராய்ஸ் வீட்டு நாய் தானா திரும்பி வந்துருச்சுன்னு எனக்குத் தெரியும். ஜனவரியில என் வீட்டு ஹீட்டர் செத்தப்ப, நான் கூப்பிடாமலே நாலு பேர் ஸ்பானரோட வாசல்ல நின்னீங்கன்னு தெரியும். மத்ததெல்லாம் உண்மையா இருக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. ஆமென்."

சிலர் தரையைப் பார்ப்பார்கள். சிலர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவேன். அவள் தன் இடத்தில் வந்து உட்கார்ந்து பையிலிருந்து பின்னல் ஊசிகளை எடுப்பாள். பிரசங்கம் நடக்கும்போது கையுறை பின்னும் ஒரே பெண்பிள்ளை எங்கள் பள்ளத்தாக்கில் அவள்தான். கேட்டால், "காதுதான கேக்குது, கை சும்மாதான இருக்கு?" என்பாள்.

அந்தக் கையுறைகள் போய்ச் சேருவது பள்ளிப் பேருந்துக்கு. ஜனீல் அதன் ஓட்டுநர். யூட்டாவின் பனியில், ஆட்டுப் பட்டிகளையும் வான்கோழிக் கொட்டகைகளையும் தாண்டி, வாயில் பக்திப் பாட்டைச் சீட்டியடித்தபடி ஓட்டுவாள். பிள்ளைகளை அவரவர் தாத்தா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். "ஏய் டெல்பர்ட், உக்காரு! உங்க தாத்தனும் இப்படித்தான் ஜன்னல்ல தலைய விட்டு அடிவாங்குனான்." கூப்பிடப்பட்டது சடை போட்ட ஒரு சிறுமி.

துக்க வீட்டுச் சாப்பாடும் அவள் பொறுப்பு. எங்கள் வழக்கப்படி உருளைக்கிழங்கைச் சீஸோடு வேகவைத்து மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவ வேண்டும். இந்த மகராசி சிப்ஸை நொறுக்கிப் போடுவாள். "வேதத்துல எந்த அதிகாரத்துல கார்ன்ஃப்ளேக்ஸ்னு எழுதியிருக்கு, காட்டு, போடறேன்." திட்டிக்கொண்டே எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்வோம்.

அவளுடைய சந்தேகத்துக்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. அவள் புருஷன் வெர்ன் நோயில் கிடந்தபோது, எங்கள் சபையின் வட்டாரத் தலைவர் ப்ளெய்ன் ஆல்ரெட் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார். வெர்னுக்கு உயிர்த் தோழர் அவர். "நீ எழுந்திருப்ப. உன் மகள் கல்யாணத்தைக் கண்ணால பாப்ப" என்று வாக்குக் கொடுத்தார். அந்த மாதமே வெர்ன் போய்விட்டான். அதில்தான் ஜனீலுக்கு விசுவாசம் உடைந்தது என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் நானே அதைச் சொல்லிவிட்டேன்.

"பாவம்டி, ப்ளெய்ன் மேல பழிய போடாதீங்க" என்றாள். "வெர்ன் உயிரோட இருந்தப்பவும் எனக்குத் தெரியாது. அப்ப யாரும் கேக்கல."

கேட்கவேண்டிய நேரம் அவள் மகள் ஷலீஸின் கல்யாணத்தோடு வந்தது. எங்கள் கல்யாணம் ஞாயிறு கூடுமிடத்தில் அல்ல, ஆலயத்துக்குள்ளே நடக்கும். உள்ளே போக ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். பெற்ற தாயானாலும் வேண்டும். ஊர்ச் சபையை நடத்தும் பிஷப்பும், அவருக்கு மேலே வட்டாரத் தலைவரும் தனித்தனியே கூப்பிட்டு விசுவாசத்தைப் பற்றிக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஜனீலிடம் அது கிடையாது.

பிஷப் ட்ராய் வான்கோழி வளர்ப்பவர், இளகின மனசு. "ஆசைப்படறதும் விசுவாசத்துல சேர்த்திதான், சிஸ்டர்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆல்ரெட்டால் முடியவில்லை. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, ஜனீல். நான் மேல ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று கெஞ்சினாராம். இவள் "ஆசையா இருக்கு ப்ளெய்ன், அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு" என்றாளாம். அவர் பேனாவைத் திறக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எங்கள் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலியைத் தாண்டிப் போய்ச் சண்டை போட்டேன். "ஏண்டி, நாங்க மட்டும் எல்லாம் தெரிஞ்சா போறோம்? வாய மூடிக்கிட்டுப் போகலையா? ஒத்தப் பிள்ளை கல்யாணம்டி!"

"உனக்கு முடியுது, டோனா. எனக்குத் தொண்டைலயே நின்னுடுது."

ஷலீஸ் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "எனக்காக ஒரே ஒரு பொய், அம்மா."

"உன் கல்யாணத்துல பொய் சொல்லிட்டு வந்து உக்காந்தா, அது நான் வந்த மாதிரியாடி?"

அப்போதெல்லாம் வெளியே கல்யாணத்தை முடித்துக்கொண்டால், ஆலயக் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்கும் ஷலீஸ் தயார்தான். ஜனீல் ஒப்பவில்லை. "நீ முழுசா நம்புற. என்னால உனக்கு எதுவும் தள்ளிப்போகக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

ஆக, மார்ச் மாதக் காற்றில் குன்றின்மேலுள்ள ஆலயத்துக்குப் போனோம். பெண்ணின் தாய் உட்காரும் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். உள்ளே நடப்பதை வெளியே பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நாற்காலி என்னைச் சுட்டது என்பதை மட்டும் சொல்லலாம்.

ஜனீல் வெளியே புல்தரையில் இருந்தாள். உள்ளே விடாத சின்னப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஓடிப்பிடித்து விளையாடினாளாம், நல்ல உடுப்போடு. மாப்பிள்ளையின் சித்தப்பா சபையை விட்டு எப்போதோ விலகியவர். அவரும் அங்கேதான் நின்றார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"உங்களை வெளியில நிக்கவெச்ச கூட்டத்தோட இன்னும் எதுக்கு ஒட்டிக்கிட்டிருக்கீங்க?"

"எங்க போறது? என் ஜனங்க இவங்க. உள்ள போயிருக்காங்க. வந்துருவாங்க" என்றாளாம். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாளாம். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

கதவு திறந்ததும் ஷலீஸ் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இருவரும் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. காலணியைக் குனிந்து சரிசெய்தேன். புகைப்படக்காரன் எல்லாரையும் படிகளில் நிறுத்தத் தொடங்கினான். மாப்பிள்ளையும் அவன் அப்பா, அம்மாவும் ஒரு பக்கம். இந்தப் பக்கம் ஷலீஸும் ஜனீலும். அவர்களுக்கு நடுவே, வெர்ன் நிற்கவேண்டிய அளவுக்கு, யாரும் சொல்லாமலே ஓர் இடைவெளி விழுந்திருந்தது.

ஆல்ரெட் கீழே மதிலோரம் ஒதுங்கி நின்றார். தோழனின் மகள் என்பதால் கல்யாணத்துக்கு வந்திருந்தார். தொப்பி கையில், முகம் வேறு பக்கம். காருக்குப் போகிற வழியை அளந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது.

"ரெடியா? சிரிங்க" என்றான் புகைப்படக்காரன்.

"கொஞ்சம் இருப்பா."

ஜனீல் படியிறங்கிப் போனாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று நானும் இரண்டு படி இறங்கினேன். அவள் ஆல்ரெட்டின் முழங்கையைப் பிடித்தாள். அவர் ஏதோ முனகித் தலையை ஆட்டினார், வரமாட்டேன் என்பதுபோல. "வாங்க ப்ளெய்ன், பிள்ளைங்க குளிர்ல நடுங்குதுங்க" என்று பள்ளிப் பேருந்துக் குரலில் ஓர் அதட்டல் போட்டு, அந்தப் பெரிய மனிதரைப் படியேற்றி, தனக்கும் மகளுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். காற்றில் அவருடைய டை தோளுக்குப் போயிருந்தது. அதை இழுத்து நேராக்கி, கோட்டுக்குள் செருகிவிட்டு, கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.