பால் இல்லை என்று சொல்லிவிட்டோம்

அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில், என் பால் வழியாக என் மகனுக்குள் எவ்வளவு போயிருக்கும்? இதற்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. டாக்டர் ஒரு பதில் சொன்னார். என் கணவரும் ஒன்று சொன்னார். இரண்டுமே ஆறுதலான பதில்கள்தான். ஆனால் பிள்ளை வாயைத் திறந்து கொட்டாவி விட்டால் போதும், நான் குனிந்து அவன் ஈறுகளைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

எனக்குப் பள்ளி, கல்லூரி நாட்களில்கூடப் பெரிதாகப் பரு வந்ததில்லை. மகன் பிறந்து சில மாதங்கள் கழித்துத் தாடை ஓரமாக ஆரம்பித்தது. மஞ்சளும் கடலை மாவும் போட்டால் போகிற பரு இல்லை. தோலுக்கு அடியில் புளியங்கொட்டை போல உருண்டுகொண்டு, பழுக்கவும் பழுக்காமல் அமுங்கவும் அமுங்காமல் வலிக்கிற கட்டிகள். ஒன்று அடங்கினால் பக்கத்திலேயே இன்னொன்று வரும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் உடம்புச் சூடு என்றார்கள். வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டேன். இளநீர் குடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அழகைப் பற்றிய கவலையே எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். பிரசவ விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்ப வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். அவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், கரும்பலகையை அல்ல. ஆனால் என்னை டாக்டரிடம் போக வைத்தது அது இல்லை. பிள்ளைகள் பால் குடிக்கும்போது சும்மா இருக்கிற கை ஒன்று இருக்குமே, அது தாயின் முகத்தைத் தேடி மேலே வரும். என் மகனின் கை நேராகத் தாடைக்குத்தான் வரும். தட்டுவான், பிடித்து இழுப்பான். ஒரு நாள் வலி தாங்காமல் கத்திவிட்டேன். அவன் குடிப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். உதடு பிதுங்கியது. அதற்குப் பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பால் கொடுக்கப் பழகினேன். பால் குடிக்கிற பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய் எப்படிப்பட்ட தாய் என்று யோசித்தபடியே கொடுத்தேன்.

நாங்கள் பெங்களூரின் ஓரத்தில், ஹெப்பகோடியில் இருக்கிறோம். கணவருக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய அக்கா, என் அண்ணி, சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். எனக்குப் பிரசவம் ஆனதிலிருந்து வாரத்தில் ஒரு நாளாவது கடையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர்கள் பக்கம் நல்ல தோல் டாக்டரம்மா இருக்கிறார், வந்தே ஆக வேண்டும் என்று அழைத்துப் போனவரும் அவர்தான்.

அண்ணியிடம் ஒரு வழக்கம் உண்டு. தாய்க்குப் பால் நன்றாக இருக்கிறது என்று வெளியாளிடம் சொல்லவே மாட்டார். சொன்னால் கண் பட்டு வற்றிவிடும். மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பெண்மணி கேட்டாலும், ஊசி போடும் இடத்தில் நர்ஸ் கேட்டாலும், பூக்காரம்மா கேட்டாலும் ஒரே பதில்தான்: "எங்கங்க, பாலே இல்ல. எல்லாம் டப்பா பால்தான்." தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை போட்ட பிள்ளை அவர் இடுப்பிலேயே உட்கார்ந்து அந்தப் பேச்சைப் பொய்யாக்கிக்கொண்டிருப்பான். எங்கள் ஊர்ப் பக்கமும் இந்தப் பயம் உண்டு என்பதால் நான் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

டாக்டரைப் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான் நடந்தது. காத்திருந்த கூடத்தில் பிள்ளை அழுதான். அண்ணி என்னை ஒரு மூலைக்குத் தள்ளி, சுவரைப் பார்த்து உட்காரவைத்து, துப்பட்டாவால் மூடிப் பால் கொடுக்கச் சொன்னார். கொடுத்து முடித்துத்தான் உள்ளே போனோம். டாக்டர் கட்டிகளை அழுத்திப் பார்த்தார். மேலுக்குப் போடும் களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும் என்றார். கணினியில் தட்டிக்கொண்டே, அடுத்த குழந்தை ஏதும் வயிற்றில் இருக்கிறதா, பால் கொடுக்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். முதல் கேள்விக்கு நான் இல்லை என்றேன். இரண்டாவதற்கு, நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பழக்கத்தில் சொல்லிவிட்டார்: "எல்லி டாக்டரே, ஹாலே இல்ல. எல்லா டப்பா ஹாலே."

பூக்காரம்மாவிடம் சொன்ன அதே வாக்கியம், கன்னடத்தில்.

டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பெரியவர் சொன்னதை அவர் எதிரிலேயே மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை. வெளியே வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது பிள்ளை மறுபடியும் அழுதான், அண்ணி மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தார், எனக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. முக்கியமாக இருந்தால் டாக்டர் இன்னொரு முறை கேட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாத்திரையை டாக்டர் சொன்னபடியே சாப்பிட்டேன். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். சாப்பிட்டவுடன் படுக்கவில்லை. வெயிலில் போகும்போது முகத்தை மூடிக்கொண்டேன். சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். கட்டிகள் அமுங்கத் தொடங்கின. ஒரு நாள் பிள்ளை தாடையைப் பிடித்து இழுத்தபோது எனக்கு வலிக்கவே இல்லை. நான் குனிந்து அவனைப் பார்த்துச் சிரித்தேன். அவனும் குடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான், வாயோரம் பால் வழிய. அந்த மாத்திரைக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

அந்த வாரம்தான் அவன் கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. முதல் பல். மடியில் அவன் குடித்துக்கொண்டிருக்க, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு பல் முளைப்பதைப் பற்றிப் படித்தேன். காய்ச்சல் வருமா, எதைக் கடிக்கக் கொடுக்கலாம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய், குழந்தைகளின் பல் நிறம் மாறுவதற்கான காரணங்களில் வந்து நின்றேன். அதில் சில ஆன்டிபயாடிக்குகளின் பெயர்கள் இருந்தன. பால் கொடுக்கும் தாய்மார்கள் அவற்றை நீண்ட நாள் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. அவற்றில் ஒரு பெயர் எங்கள் சமையலறை அலமாரியில் இருந்தது. டாக்ஸிசைக்ளின்.

பிள்ளையை மடியிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் அழுதான். பசியோடு இருக்கிற பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் டப்பா பால் இல்லை. அத்தனை பேரிடம் சொன்ன டப்பா பால் எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன்கூட இருந்ததில்லை. கடைசியில் அழுகையைத் தாங்க முடியாமல் கொடுத்தேன். ஒவ்வொரு விழுங்கும் எனக்குக் கேட்டது.

கணவருக்குப் போன் செய்தேன். பதறாதே, மாத்திரையை நிறுத்து, டாக்டரைப் பார் என்றார். அக்காவிடம் என்ன சொல்வது என்று கேட்டதற்கு, முதலில் டாக்டரைப் பார் என்று மறுபடியும் அதையே சொன்னார்.

வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்ததால், அடுத்த நாள் சிவாஜிநகர் பஸ் நிலையத்திலேயே அண்ணி காத்திருந்தார். பிள்ளையை வாங்கிக்கொண்டு, முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறதே, பிறகு எதற்கு இப்போதே வந்தாய் என்று கேட்டார். சும்மா காட்டத்தான் என்றேன். டாக்டரும் முகத்தைப் பார்த்துத் திருப்தியாகி, இப்படியே தொடரலாம் என்று ஆரம்பித்தார்.

"டாக்டர், நான் இவனுக்குப் பால் குடுத்துட்டுதான் இருக்கேன்," என்றேன். "அன்னைக்கும் குடுத்துட்டுதான் இருந்தேன்."

டாக்டர் திரையைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "பாலே இல்லன்னு சொன்னீங்களேம்மா?"

அண்ணியின் குரல் இறங்கிவிட்டது. "அது வெளில அப்படித்தான் டாக்டர் சொல்றது."

"நான் வெளியாளா? எங்கிட்ட சொன்னா என் கண்ணு பட்டுடுமா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அண்ணி சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாய் என்று அந்தப் பார்வை கேட்டது.

பிறகு டாக்டர் எனக்குத் தமிழில் நிதானமாக விளக்கினார். இந்த மருந்து பாலில் கொஞ்சமாகத்தான் போகுமாம். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். நான் சாப்பிட்ட குறைந்த காலத்துக்குப் பயப்பட ஒன்றும் இல்லையாம். ஆனால் இந்த மாதிரிப் பருவுக்கு மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதால், தெரிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன் என்றார். இப்போது முளைக்கிற பல்லைப் பற்றிக் கேட்டேன். அது பெரும்பாலும் வயிற்றிலேயே உருவாகிவிட்டது, அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்றார். அப்படியானால் இனி உருவாகப் போகிற பற்கள்? அவை இப்போதுதான் உள்ளே உருவாகத் தொடங்கியிருக்கும், அநேகமாக ஒன்றும் ஆகாது என்றார். அந்தப் பற்கள் வெளியே வர அவனுக்கு ஆறேழு வயதாக வேண்டும்.

அந்த 'அநேகமாக' என்ற சொல்லைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்ன டாக்டர், எனக்கு இரண்டு வழிகள் சொன்னார். களிம்பை மட்டும் பிள்ளையின் வாய் படாதபடி போட்டுக்கொண்டு, அவன் பால் மறக்கும்வரை பொறுத்திருக்கலாம். கட்டிகள் திரும்ப வரக்கூடும், தழும்பும் விழலாம். இல்லையென்றால், பால் கொடுப்பவர்களுக்கும் கொடுக்கக்கூடிய வேறொரு ஆன்டிபயாடிக் இருக்கிறது. அதையும் களிம்போடு சேர்த்துக் கொஞ்ச காலம்தான் எடுக்க வேண்டும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை என்றும் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள் என்று சீட்டை எழுதிக் கையில் கொடுத்தார்.

பஸ் நிலையத்துக்குக் கிளம்பினோம். கறிக்கடைத் தெருவின் நெரிசலில் பிள்ளையை மார்போடு அணைத்தபடி அண்ணி எனக்கு முன்னால் நடந்தார். பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் திரும்பினார்.

"உன் புள்ளைக்கு நான் கெடுதல் நெனப்பேனாம்மா?"

இல்லை அண்ணி என்றேன். அவருடைய மூத்த பெண் பிறந்தபோது பால் ஏராளமாக இருக்கிறது என்று கடைக்கு வந்த ஒருத்தியிடம் பெருமையாகச் சொன்னாராம். அதே வாரம் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டதாம். அதிலிருந்து இப்படித்தான் என்றார். காய்ச்சலால் வற்றியிருக்கும் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

எனக்கு இடம் கிடைக்கும்வரை பிள்ளையை வைத்துக்கொள்ள அண்ணியும் பஸ்ஸுக்குள் ஏறினார். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்மணி பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, கொழுகொழு என்று இருக்கிறானே, தாய்ப்பால்தானா என்று கேட்டார். அண்ணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க," என்றேன் நான். "டப்பா பால்தான்."

அது தானாக வந்துவிட்டது. அந்த வார்த்தை என்ன செய்தது என்று அப்போதுதான் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் அந்தப் பெண்மணியின் கை என் பிள்ளையின் கன்னத்தில் இருந்தபோது வேறு எதையும் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.  அண்ணி அவன் கன்னத்து மைப்பொட்டைக் கட்டைவிரலால் சரிசெய்து, என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது அந்தப் பல் முழுதாக வெளியே வந்துவிட்டது. வெள்ளையாகத்தான் இருக்கிறது. என் தாடையில் மறுபடியும் இரண்டு கட்டிகள் வந்திருக்கின்றன. புதிய மாத்திரையின் சீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் வாங்கவில்லை. வாங்காமல் இருப்பது சரி என்று காலையில் தோன்றுகிறது. மாலையில் அவன் கை மேலே வரும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டபடி, வாங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விடுப்பு முடியப்போகிறது. டாக்டரும் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

இதைப் படிக்கிறவர்களில் பால் கொடுத்துக்கொண்டே இப்படி மாத்திரை சாப்பிட்டவர்கள் இருப்பீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்த இன்னொரு மாத்திரையை நம்பி எடுத்தீர்களா, இல்லை களிம்போடு பொறுத்திருந்தீர்களா? உங்கள் பிள்ளைக்கு ஏதாவது தொந்தரவு இருந்ததா? அவனுக்கோ அவளுக்கோ இரண்டாவது பற்கள் முளைத்துவிட்டனவா, எப்படி இருக்கின்றன? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். கண் பட்டுவிடும் என்று எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.