பட்டியலின் முதல் கூப்பன்

என் கணவருக்குக் குரல் இல்லை. தொண்டையில் வந்த புற்றுநோய்க்காக மூன்று வருடங்களுக்கு முன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போகும் தப்பு என்னுடையது. அதை நான் செய்திருக்கவே கூடாது என்பது வேறு யாரையும்விட எனக்குத்தான் தெரியும்.

அவர் பிரெஞ்சு வாத்தியார். வகுப்பில் பேசியது போதாதென்று வீட்டிலும் வாய் ஓயாது. "அந்த வாயக் கொஞ்சம் மூடுங்களேன்" என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பேன்! டாக்டர் தேதி குறித்ததற்கும் ஆபரேஷனுக்கும் நடுவே பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் ஸ்கேன், ரத்தம், கையெழுத்து, யார் கூட இருப்பது, யார் சாப்பாடு கொண்டுவருவது என்று ஓடினோம். அவர் குரலைப் பதிந்து வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபது வருடம் மென்பொருள் எழுதியே சாப்பிட்ட எனக்குத் தோன்றவில்லை. பிறகு போனைக் குடைந்தபோது கிடைத்தது ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். "தவளக்குப்பத்துல நிக்கறேன், பஸ்ஸு வரல, நீ சாப்ட்டுடு." அவ்வளவுதான். பின்னால் மழை பெய்கிற சத்தம் கேட்கும்.

அதற்கப்புறம்தான் நான் அந்த மென்பொருளை எழுதினேன். ஆபரேஷனுக்குப் போகிறவர் அதற்கு முன் தன் சொந்தக் குரலில் வார்த்தைகளைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். தண்ணீர், வலிக்கிறது, டாக்டரைக் கூப்பிடு, விளக்கை அணை என்று திரையில் அறுபது பொத்தான்கள் இருக்கும். பிறகு எப்போது தொட்டாலும் அவர் குரலிலேயே பேசும். அந்த அறுபதையும் நானும் என் கணவரும் உட்கார்ந்து சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தோம். பிரெஞ்சுப் பட்டியலை அவரே தயாரித்தார். அவருக்கு இதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது. அவர் போனில் தட்டி எழுதுவதை ஓர் இயந்திரக் குரல் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி படிக்கும். அந்தக் குரலை எங்கள் இருவருக்குமே பிடிக்காது. அதனால் எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவார். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் விரல் முட்டியால் மேஜையில் தட்டுவார்.

விற்பதற்கு ஓர் இணையச் சந்தை கிடைத்தது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் வந்து மென்பொருள் வாங்கும் இடம். அவர்கள் ஏற்பாடு இதுதான்: வாங்கியவருக்குச் சந்தைக்காரர்கள் ஒரு கூப்பனைக் கொடுப்பார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு நம் பக்கத்துக்கு வந்து ஒரு கட்டத்தில் போட்டால் மென்பொருள் திறக்க வேண்டும். ஒரு கூப்பன் ஒருவருக்கு ஒருமுறைதான். கூப்பன்களை நாமே உருவாக்கிப் பட்டியலாக முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். கூப்பன் போடும் பக்கத்தையும் நாமேதான் கட்ட வேண்டும்.

மூன்று வாரம் கட்டினேன். எனக்கு இயல்பிலேயே சந்தேகப் புத்தி. ஒருவன் கூப்பனை ஊருக்கெல்லாம் பகிர்ந்தால்? இயந்திரத்தை வைத்து எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால்? அதனால் கூப்பனைப் போட்டதும் மின்னஞ்சல் முகவரி கேட்டேன். அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போகும், அதைத் திறந்து சொடுக்க வேண்டும். பிறகு கடவுச்சொல். பிறகு மனிதர்தான் என்று நிரூபிக்க, ஒன்பது படங்களில் எதிலெல்லாம் பஸ் இருக்கிறது என்று காட்ட வேண்டும். என் கணவர் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டுப் போனை நீட்டினார். "இன்னா இது, பாஸ்போர்ட் ஆபீஸா?"

"திருடன் வந்தா நீங்களா பாத்துப்பீங்க?" என்றேன்.

எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவுக்குத் தினமும் காலையில் ஒரு மீன்கார அக்கா வருவார். கனகசெட்டிக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில், பின்னால் தெர்மாகோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு. தெருவில் எத்தனை வீடு இருந்தாலும் முதலில் என் வாசலில்தான் ஹாரன் அடிப்பார். "நீ போணி பண்ணா பதினோரு மணிக்கெல்லாம் பொட்டி காலியாவுது மா. ஒன் கையி ராசியான கையி" என்பார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் என் வீட்டுக்கு இரண்டாவதாக வாருங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கூப்பன் பட்டியல் தயாரான அன்று, ஐந்நூறு கூப்பன்களையும் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் ஒழுங்காக வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். ஹாரன் சத்தம் காதில் விழவில்லை. அக்கா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, பேயறைஞ்சா மாரி உக்காந்துனு இருக்க?"

"கடை தொறக்கப் போறேன்க்கா."

"கடையா? எங்க?"

"இதுக்குள்ளதான்." கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

அவர் எதற்குக் கடை, என்ன விற்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை. "யாரு போணி?" என்றுதான் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களே பண்ணுங்களேன்" என்றேன், விளையாட்டாக.

அவர் சிரிக்கவில்லை. செருப்பை வெளியே விட்டார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், முந்தானையில் துடைத்தார், என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒருவர் இவ்வளவு மரியாதையோடு உட்கார்ந்த பிறகு நான் என்ன செய்ய? பட்டியலின் முதல் கூப்பனை எடுத்துக் கட்டத்தில் போட்டேன். நடுவிலிருந்து ஒன்றை எடுத்திருக்கலாம், கடைசியிலிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் போணியை யாராவது நடுவிலிருந்து செய்வார்களா? அக்கா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினார். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் போட்டேன். பச்சை நிறத்தில் வெற்றி என்று வந்தது.

"ஆச்சா?"

"ஆச்சுக்கா."

"போணின்னா சும்மா பண்ணக் கூடாதுமா." எடை போடாமல் இரண்டு கை நெத்திலியை அள்ளி என் தட்டில் போட்டுவிட்டுப் போனார்.

சோதனைக்கென்று தனிக் கூப்பன் வைத்துக்கொள்ள வேண்டும், விற்பனைக்குப் போவதைத் தொடவே கூடாது. இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் இதே தப்பைச் செய்த ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டி அழவைத்திருக்கிறேன். சரி, நெத்திலியை ஆய்ந்துவிட்டு வந்து பட்டியலிலிருந்து அந்த முதல் கூப்பனின் வரியை அழித்துவிடலாம் என்று எழுந்தேன். ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, மண் போக அலசி, மஞ்சளும் உப்பும் போட்டு வைப்பதற்குள் மனசு வேறெங்கோ போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் பட்டியலை அனுப்பினேன். ஐந்நூறையும். முதல் வரியோடு.

சந்தைக்காரர்கள் கூப்பன்களைப் பட்டியலின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கடை திறந்த மறுநாள் காலை, என் கணவர் மூச்சுவிடுவதற்காக ஆபரேஷனில் கழுத்தில் போட்ட துளையைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். வீடு திரும்பும்போது மணி பதினொன்று. வாடிக்கையாளர் கடிதங்கள் வரும் பெட்டியை என் போனோடு இணைக்காமல் விட்டிருந்தேன். யார் உடனே எழுதப்போகிறார்கள் என்ற அலட்சியம்தான். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரே ஒரு கடிதம், பிரெஞ்சில். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவரைக் கூப்பிட்டேன். அவர் நின்றபடியே படித்தார். படிக்கும்போதே முகம் மாறியது. மேஜையில் ஓங்கித் தட்டிவிட்டு போனில் வேகமாக எழுதி நீட்டினார்.

எழுதியவர் பிரான்ஸில் இருக்கும் ஒரு பெண்மணி. அவர் கணவருக்கும் இதே நோய், இதே ஆபரேஷன். முந்தின நாள் மாலையே வாங்கியிருக்கிறார்கள். கூப்பனைப் போட்டால், இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வருகிறது. நான்கு முறை முயன்றார்களாம். நாளைக் காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோகிறார்கள், தயவுசெய்து உதவுங்கள் என்று எழுதியிருந்தார்.

அந்த நாளை என்பது இன்று. கோடைக்காலத்தில் அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே எட்டு மணி என்றால் இங்கே பதினொன்றரை. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று ஐந்து. எந்தக் கூப்பன் என்று பார்க்கவே தேவையில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

அவசரத்தில் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். எப்படி இந்தத் தவறு நேர்ந்தது என்று விளக்கம் வேறு. என் கணவர் என் கையைத் தட்டிவிட்டுப் போனை நீட்டினார். "மன்னிப்பு அப்புறம். கூப்பன் மொதல்ல." அவரே பிரெஞ்சில் இரண்டே வரி அடித்தார். நான் பட்டியலிலிருந்து வேறொரு கூப்பனை ஒட்டினேன். கடிதம் போனது.

எங்கள் பக்கத்தில் யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்பதை நான் பார்க்க முடியும். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பதினொன்று பன்னிரண்டுக்குக் கூப்பன் விழுந்தது. "வந்துட்டாங்க!" என்று கத்தினேன். அடுத்தது மின்னஞ்சல் முகவரி. போட்டார்கள். கடிதம் போனது. அவர்கள் அதைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஆஸ்பத்திரியில் இணையம் மந்தமோ, கடிதம் குப்பைப் பெட்டியில் விழுந்துவிட்டதோ. நான் மூன்று வாரம் பார்த்துப் பார்த்துக் கட்டிய கதவுகள்! அவற்றின் முன்னால் ஒரு மனிதர் தன் கடைசிக் குரலோடு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை எழுதிய இருபது நாளில் நான் நினைத்துப் பார்த்ததெல்லாம் திருடனை மட்டும்தான். உரிமையோடு வருகிறவர், அவசரத்தில் வருகிறவர், கை நடுங்க வருகிறவர் என்று ஒருவரை ஒருமுறைகூட நான் மனத்தில் கொண்டுவந்து பார்க்கவில்லை.

என் கணவர் மறுபடி தட்டினார். திரையைக் காட்டி, இரண்டு கையாலும் கதவைத் தள்ளித் திறப்பதுபோல் சைகை செய்தார். அட, ஆமாம்! உள்ளிருந்து நானே திறக்கலாமே! எந்தக் கேள்வியும் வேண்டாம் என்று அந்த ஒரு கணக்கை மட்டும் கையாலேயே திறந்துவிட்டேன். பக்கத்தை மீண்டும் திறந்து பாருங்கள் என்று அவர் ஒரு வரி அனுப்பினார். பதினொன்று இருபத்து மூன்று.

பதினொன்று இருபத்து ஆறுக்கு ஒரு பதிவு விழுந்தது. மூன்று நொடி. முதல் பொத்தானில்.

நானும் அவரும் இரண்டாவதற்காகக் காத்திருந்தோம். பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. வேறு எதுவும் வரவில்லை. எத்தனை நொடி என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். என்ன சொன்னார் என்று கேட்க முடியாது. அடுத்தவர் குரலை நான் கேட்கக் கூடாது என்று நானே பூட்டி வைத்த பூட்டு அது. அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மீன்கார அக்கா, "வித்துச்சா மா?" என்று கேட்டார். "வித்துதுக்கா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் கைமேல் ஒரு குற்றமும் இல்லை, அவரைக் கலங்கடிப்பானேன்? அதே வாரத்தில் கதவுகளையெல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது கூப்பனைப் போட்டால் உடனே திறக்கும். மற்றதையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். திருடர்கள் வந்தால் வரட்டும், திருடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. இந்தமுறை என் கணவர் உட்கார்ந்து படித்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு போனில் தமிழில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் எழுதியிருந்தது இது:

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருச்சாம். அன்னிக்கு உள்ள தொறந்ததும் மொத பட்டனத் தொட்டு, தண்ணின்னு சொல்லுங்கன்னு அந்தம்மா அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நர்ஸ் கதவத் தட்டிக் கூப்ட்டுருக்காங்க. அவரு கதவு பக்கமா திரும்பி, 'இதோ வந்துட்டேன்'னு சொல்லியிருக்காரு. அதுதான் பதிவாயிருக்கு. அதோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப தண்ணின்னு போட்ட பட்டனத் தொட்டா, 'இதோ வந்துட்டேன்'னு சொல்லுது. வேற வார்த்த இல்ல. அந்தம்மா சமையல்கட்டுலேருந்து கூப்ட்டா அவரு அதத் தொடறாராம். தொட்டுட்டு எழுந்து வராராம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்தேன். அந்த ஒரு வரியை நான் அழித்திருந்தால் அவருக்கு முந்தின நாள் மாலை முழுவதும் கிடைத்திருக்கும். நிதானமாக உட்கார்ந்து அறுபதையும் பதிந்திருப்பார், மனைவியின் பேரைச் சொல்லியிருப்பார், ஏதாவது பாட்டுக்கூடப் பாடியிருப்பார். ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது, அதுவும் நர்ஸிடம் சொன்னது.

தமிழை வைத்துவிட்டு மூலக் கடிதத்தை எடுத்தேன். புரியாது என்று தெரிந்தும் ஒவ்வொரு வரியாகக் கடைசிவரை பார்த்துக்கொண்டு போனேன். கையெழுத்துக்கு மேலே தனியாக ஒரு வார்த்தை இருந்தது: மெர்சி. அதை அவர் மொழிபெயர்க்காமல் விட்டிருந்தார்.

பாண்டிச்சேரியில் பிறந்தவளுக்கு நன்றி சொல்லும் அந்த ஒரு வார்த்தை தெரியாமல் இருக்குமா?