சுவர் யாருடையது?

பதுளையில் ஆசிரியை வேலை கிடைத்ததும் அறை தேடி நாயாய் அலைந்தேன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு காம்பரா அறைதான் எங்கள் வீடு; அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோக முடியாது. தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததுமே பல வீடுகளில் அறை இல்லாமல் போய்விட்டது. கடைசியில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் வீட்டு முன்னறையைக் கட்டிலோடு கொடுத்தார்.

முதல் வாரமே கை, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. கட்டில் சட்டத்தைத் தட்டினால் பொலபொலவென்று மூட்டைப்பூச்சி. வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பிள்ளை, உது உங்கட லயத்திலயிருந்துதான் வந்திருக்கும். எங்கட வீட்டில முந்தி இருக்கேல்லை," என்றார். மாத முடிவில் காலி செய்யும்படியும் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த அறை போனால் வேலையும் போகும், அழுக்குப் பிடித்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

"நான் கொண்டு வந்தது ஒரு பேக்கும் பாயுந்தாங்க. கட்டிலும் உங்களுது, செவரும் உங்களுது. தோட்டத்துலகூட காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிச்சிக் குடுக்கிறது தொரையோட பொறுப்பு. நான் போகமாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலை முன்முற்றத்துக்கு இழுத்துப் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றினேன். கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கார ஐயாவுக்கு மானம் போய்விட்டது. சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன், கட்டிலை உள்ளே எடு என்றார்.

அப்போதும் நான் ஒன்று சொன்னேன். எங்கள் லயத்தில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பூச்சி மறுபக்கம் போய்விடும் என்று மொத்த லயத்துக்கும் ஒரே நாளில் அடிப்பார்கள். என் சுவருக்கு மறுபக்கம் அவர்களுடைய படுக்கையறை, அதற்கும் சேர்த்து அடியுங்கள் என்றேன். லயத்துக் கதையெல்லாம் இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஐயா என் பக்கத்துக்கு மட்டும் அடித்தார்.

நான் நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அவர்களுடைய பெரிய கட்டில் முற்றத்தில் கிடந்தது. அம்மா ஒரு கையில் கேத்தலோடு நின்று மறு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். சும்மா தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

"இது எந்த லயத்துல இருந்து வந்துச்சுங்க?"

அவர் கேத்தலைச் சாய்த்துக் கட்டில் சட்டத்தில் கொதிதண்ணீரை ஊற்றினார். மாத முடிவு வந்தது. காலி செய்யச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாணமாகும் வரை அந்த அறையில்தான் இருந்தேன்.