முந்திக்கொண்ட ஸ்தோத்திரச் சீட்டு

அங்கன்வாடியில் நான் உதவியாளர். பதினாறு வருஷமாகப் பருப்பு வேகவைத்து, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு வருகிறேன். பணியாளர் ஆக வேண்டுமானால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். நானோ ஆங்கிலத்தில் மட்டும் தவறிப் படிப்பை விட்டவள். இந்த வருஷத்தை விட்டால் வயது தாண்டிவிடும் என்று சூப்பர்வைசர் மேடம் சொன்னார்கள். அதனால் நாற்பத்து மூன்று வயதில் தனித்தேர்வராக ஆங்கிலப் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.

கடிதம் எழுதுவது எப்படியோ மண்டையில் ஏறியது. இலக்கணத்தில் ‘நவுன் கிளாஸ்’ என்னும் பெயர்ச்சொல் தொடர் மட்டும் ஏறவில்லை. கல்லூரிக்குப் போகும் என் மகள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொல்லித்தருவாள்.

“எம்மா, ‘அவன் வருவான்னு எனக்குத் தெரியும்’. என்ன தெரியும்? ‘அவன் வருவான்னு.’ அந்தத் துண்டை எடுத்துட்டு ‘அது’ன்னு வச்சுப் பாரு. ‘அது எனக்குத் தெரியும்.’ பொருந்துதுல்லா? அப்போ அந்தத் துண்டு முழுசும் ஒரு பெயர்ச்சொல் மாதிரி நிக்குது. அதான் நவுன் கிளாஸ்.”

அதுவரை புரிந்தது. கேள்வி வந்தால்தான் குழம்பிப்போவேன். ‘வேர் டஸ் ஷி லிவ்?’ என்பதை ‘ஐ டோன்ட் நோ’வோடு சேர்க்கச் சொன்னால், அந்த ‘டஸ்’ஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

“வாசல்ல நிக்கும்போதுதாம்மா அது கேள்வி. வீட்டுக்குள்ள வந்துட்டா அடங்கி இருக்கணும். ‘ஐ டோன்ட் நோ வேர் ஷி லிவ்ஸ்.’ அவ்வளவுதான்.”

“உன்னை மாதிரி இல்லேன்னு சொல்லு.”

“வாய் பேசாம எழுதும்மா.”

எங்கள் கோயிலில் காணிக்கைக் கவருக்குள் சீட்டு எழுதி வைத்தால், சபையை நடத்தும் உபதேசியார் ஆராதனையில் அதை வாசிப்பார். வேண்டுதலும் வைக்கலாம், நன்றி சொல்லும் ஸ்தோத்திரமும் வைக்கலாம். பணம் கட்டிய அன்றே நான் இரண்டு சீட்டும் எழுதி ஜெப நோட்டுக்குள் வைத்திருந்தேன். ஒன்று பரீட்சைக்கு முன்னால், மற்றது தேறிய பிறகு. வியாழக்கிழமை பரீட்சை. அதற்கு முந்திய ஞாயிறு, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு அவசரமாகக் கவரில் ஒரு சீட்டைச் செருகினேன்.

உபதேசியார் வாசித்தார்: “அங்கன்வாடிச் சகோதரியைப் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் தேறச் செய்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

சபை முழுவதும் ஆமென் சொன்னது. தேறிய பிறகு வைக்கவேண்டிய சீட்டு முந்திக்கொண்டது.

வெளியே வந்ததும், பீடி சுற்றும் பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, எப்போ எழுதுன? மூச்சு விடலையே, கள்ளி! பாயாசம் எங்க?”

பரீட்சை இனிமேல்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புதான் மத்தியானம் சோற்றை இறங்கவிடாமல் நெஞ்சில் நின்றது. சாயங்காலம் உபதேசியார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

“விசுவாசத்துல சொன்னதா இருக்கட்டுமேம்மா. யாருக்குத் தெரியப் போவுது?”

“ஆண்டவருக்குத் தெரியுமே, ஐயா.”

“அவருக்குத் தெரிஞ்சா பாஸ் போட்டுர மாட்டாரா?” என்று அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. தேறாமல் போனால் அது என் பொய்க்கு வந்த தண்டனையோ என்று ஒரு பயம். தேறினாலும், ஆண்டவருக்கே உத்தரவு போட்டதுபோல ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தே நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, சாப்பிட்ட பிள்ளைகள் பாயில் உறங்கும் நேரத்தில் வேறொரு சீட்டு எழுதினேன். ‘ஞாயிற்றுக்கிழமை வாசித்தது என் தவறு. வியாழக்கிழமைதான் தேர்வு. தேறுவேனா என்று எனக்குத் தெரியாது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.’ வீட்டில் அதைப் பார்த்த மகள், “மூணாவது வரியில நவுன் கிளாஸ் வந்துட்டும்மா. பயத்துல உனக்கு நல்லாவே வருது,” என்றாள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் அதை வாசித்தார். நான் தலை நிமிரவில்லை. அப்போது பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல்: “அப்போ பாயாசம் கிடையாதா?” கூட்டமே சிரித்தது. பிறகு அவளே எழுந்து வந்து, என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். புகையிலை வாசனையுள்ள அந்தக் கை, ஜெபம் முடியும்வரை என் தோளை விட்டு எடுபடவில்லை.

மறுநாள் முக்கூடலிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பரீட்சை எழுதப் பாளையங்கோட்டைக்குப் போனேன். ‘அம்மாவுக்குத் தெரியாது’, ‘குழந்தை ஏன் அழுகிறது?’ இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகச் சேர்த்து எழுதும்படி ஒரு கேள்வி. கை பழைய பழக்கத்தில் ‘வொய் இஸ் த சைல்ட்’ என்று போய்விட்டது. உடனே அடித்தேன். ‘வொய் த சைல்ட் இஸ் கிரையிங்’ என்று எழுதிவிட்டு, சரிதானா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன்.

முடிவு வந்த நாளில் மகள் போனில் பார்த்துச் சொன்னாள். முப்பத்தொன்பது. முப்பத்தைந்து போதும். நான் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், ஸ்தோத்திரச் சீட்டு வைத்த கவரை உபதேசியாரிடமே நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. “மார்க்கு சீட்டை முதல்ல காட்டும்மா, பெறவு வாசிக்கேன்,” என்றார்.

கேட்பார் என்று தெரியும். மடித்துக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.