தேதிக்கு இடம் விட்ட நினைவு அட்டை

செத்துப்போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர் ஒருநாள் காலை எங்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வீட்டிலிருந்தபடியே கையால் காகிதப் பொருள் செய்து விற்கும் தொழிலில் இறங்குகிற பெண்கள் என்னிடம் பேப்பர் எங்கே கிடைக்கும், எந்தப் பசை நல்லது என்றுதான் கேட்பார்கள். அதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்ல வேண்டியது இந்த மனிதரைப் பற்றித்தான்.

1. ஆர்டர்

கோயமுத்தூரில் கணபதி என்ற பகுதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிச்சமாகும் வெட்டுத் துணியை அரைத்துச் செய்யும் ஹேண்ட்மேட் பேப்பரை ஷீட்டாக வாங்குவேன். அதில் வாழ்த்து அட்டை, கல்யாணத்துக்கு மொய்க் கவர், ஆல்பம், பிறந்தநாள் கிஃப்ட் பாக்ஸ் எல்லாம் செய்வேன். அட்டைப் பெட்டிக்கு போர்டு வெட்டுவதும் மடிப்புக்கு கோடு போடுவதும் கோட்டைமேட்டில் கடை வைத்திருக்கும் பஷீர் பாய். மற்றதெல்லாம் என் கை வேலை.

நினைவு அட்டை அதுவரை நான் செய்ததில்லை. எல்லோரும் பிரஸ்ஸில் கொடுத்து, குத்துவிளக்கும் கறுப்பு பார்டருமாக அடித்துக்கொள்வார்கள். அதனால் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து சுதா என்ற பெண் போன் செய்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, எங்க மாமனாருக்கு நினைவு அட்டை வேணுமுங்க. பிரஸ்ஸுல அடிக்கறது வேண்டாமுங்க. உங்க அட்டைய ஒரு கல்யாணத்துல பாத்தேன். அந்த மாதிரி செஞ்சு குடுங்க. அவசரமுங்க" என்றார். பேச்சுக்கு நடுவே அழுகை வந்தது.

அழுகிறவரிடம் என்ன கேட்பது? எத்தனை அட்டை, என்ன சைஸ் என்று மட்டும் கேட்டேன். மாமனார் விவசாயி என்றதால், விதை பதித்த பேப்பரில் செய்யலாம், படித்து முடித்தவர்கள் மண்ணில் போட்டால் துளசி முளைக்கும் என்றேன். சரி என்றார்.

"தேதி எடத்தை மட்டும் காலியா உட்ருங்கக்கா. நாங்களே கையில எழுதிக்கறோமுங்க."

திதி கணக்குப் பார்த்து எழுதுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் என் புத்தி போகவில்லை.

போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. முரட்டு மீசை, சிரிக்காத முகம், வலது தோளில் வேறு யாருடைய கையோ கிடந்தது. அந்தக் கையை வெட்டி எடுத்துவிட்டு, முகத்தை மட்டும் முட்டை வடிவத்தில் பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு அட்டையிலும் ஒட்டினேன். நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள். வேலை முடிந்தபோது அவர் புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு என் கண்ணை மூடினாலும் தெரிந்தது.

உள்ளே என்ன எழுதுவது என்று கேட்டேன். "எனக்கு எழுதத் தெரியாதுங்கக்கா, பேசி அனுப்பறேன், நீங்களே எழுதிப்போடுங்க" என்று சுதா வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார். ஒவ்வொன்றும் நீளம். கேட்டுக் கேட்டு ஐந்து வரியாகச் சுருக்கினேன். யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பவர். மாட்டைத் தார்க்குச்சியால் குத்தாதவர். இப்படிச் சில வரிகள். கடைசி வரி இது: 'அதிகம் பேசமாட்டார். வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் அறை விளக்கு அணையும்.'

அட்டைப் பெட்டியை ஒரு டிரைவர் வந்து வாங்கிப் போனார். நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

2. கேட்டில் நின்றவர்

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பஷீர் பாய் பெட்டிகளைக் கொண்டுவந்து முன்னறையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து ரிப்பன் ஒட்டிக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, அட்டை செய்யற அம்மணி ஊடு இதுதானுங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை, புருவத்தில் தழும்பு. போட்டோவைவிட உடம்பு பாதியாகியிருந்தது. மீசை அப்படியே இருந்தது.

பசைக் கிண்ணம் மடியில் கவிழ்ந்து புடவையெல்லாம் வழிந்தது. அந்த முகம் ஒட்டிய அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவர் பஷீர் பாய். அவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. "யா அல்லா" என்று சொல்லிக்கொண்டே சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பயப்படாதீங்க. உசுரோடதான் இருக்கறேன். பஸ்ஸுல நின்னுட்டே வந்தேன், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

பாய்தான் முதலில் தெளிந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சொம்பை வாங்கிய கையில் ஆஸ்பத்திரி ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்தது. குடித்து முடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். என் அட்டை, பின்பக்கம் என் பட்டறை விலாசத்தோடு.

"நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில போட்டுட்டாங்க. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்களாம். எனக்கு ஒண்ணும் தெரியாது. அப்பறம் எப்படியோ பொழைச்சு ஊட்டுக்கு வந்துட்டேன். நேத்து குடோன்ல மஞ்ச மூட்டை எப்படி இருக்குதுன்னு பாக்கப் போனா, மூட்டைக்குப் பொறகால ஒரு பெட்டி. தொறந்தா பூராவும் நான்!"

என் கையால் ஒட்டிய முகம் எதிரில் உட்கார்ந்து என்னிடம் நியாயம் கேட்கிறது.

"எனக்குத் தெரியாதுங்க. நீங்க... நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சுத்தான் செஞ்சேனுங்க" என்றேன். அதைச் சொல்லிமுடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"உங்க மேல தப்பில்லீங்க. நான் சாகறதுக்கு முன்னாடியே அட்டை செஞ்சு வெச்சவங்க ஊட்ல இனி இருக்கக் கூடாது. பொள்ளாச்சில மக ஊட்டுக்குப் போறேன், துணியெல்லாம் எடுத்துட்டுத்தான் வந்தேன். இனி அந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன். போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேட்டுப்போட்டுப் போலாம்னு எறங்கினேன்."

அட்டையைத் திறந்து கடைசி வரியில் விரலை வைத்தார்.

"மத்ததெல்லாம் ஊரே சொல்லும். இந்த வெளக்கு விசயம் உங்களுக்கு ஆரு சொன்னது? என்ற சம்சாரம் போயிச் சேந்தாச்சு. மகன் படுத்தா எந்திரிக்க மாட்டான். இது ஆருக்கும் தெரியாதுங்களே."

"உங்க மருமக சொன்னாங்க."

"சுதாவா?" அவர் கண் அப்படியே நின்றுவிட்டது. "சுதா என்ன சொன்னா? நான் அவகூடப் பேசி அஞ்சாறு வருசமாச்சு."

3. குரல்

அந்த வாய்ஸ் மெசேஜ் என் போனில் இருந்தது. அதைப் போட்டுக் காட்டலாமா? ஒரு பெண் என்னை நம்பி அழுதுகொண்டே சொன்னது. 'அத எழுதிப்போடாதீங்க' என்று அதிலேயே சொல்லியிருக்கிறார். கஸ்டமர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

பஷீர் பாயைப் பார்த்தேன். அவர் துணிப்பையைக் கண்ணால் காட்டினார். "அவரு பஸ் ஏறிட்டா முடிஞ்சுதுக்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

போட்டேன்.

"அக்கா, மாமா எங்கிட்டப் பேசறதில்லீங்க. தோட்டத்துல போர்வெல் போடற எடத்துல தகராறு. தண்ணி வராதுன்னு நான் சொன்னேன், அவரு போட்டாரு, வரலை. நான் அப்பவே சொன்னேன்னு சொந்தக்காரங்க முன்னாடி சொல்லிப்போட்டேன். அன்னிக்கு நிறுத்துன பேச்சு. அத எழுதிப்போடாதீங்க. ஆனா ஒண்ணு சொல்றனுங்க. ராத்திரில கரண்டு வந்தா மோட்டாரு போட நாந்தான் தோட்டத்துக்குப் போவேன். பாம்பு நடமாடற எடம். நான் போற அன்னிக்கெல்லாம் வாசப்படில டார்ச்சு இருக்குமுங்க, சார்ஜ் போட்டு. நான் திரும்பி வந்து கதவு சாத்தற சத்தம் கேட்டப்பறந்தான் அவரு ரூம்புல லைட்டு அணையும். ஒரு நாளும் தவறுனதில்லீங்க. அத நான் அவருகிட்டக் கேட்டதில்லை. கேட்டா நிறுத்திப்போடுவாருங்க."

குரல் முடிந்தது. பெரியவர் வாயைத் திறந்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர்கள் கையை விரித்த கதையைச் சொன்னபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

"தெரியுமா அவளுக்கு?" என்றார். மறுபடியும், "இத்தனை நாளும் தெரியுமா?"

அடுத்த மெசேஜும் தானாக ஓடியது. நான் நிறுத்துவதற்குள் சுதாவின் குரல், "இப்பெல்லாம் மூணா நாளே காரியத்தை முடிச்சர்றாங்கக்கா. அப்பறம் அவசரத்துல பிரஸ்ஸுக்காரன் வெச்சிருக்கற நாலு வரியப் போட்டு அடிச்சுருவாங்க. எங்க மாமாவுக்கு அப்படி வேண்டாமுங்க, அதான் முன்னாடியே சொல்றனுங்க" என்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மெசேஜை நான் முன்பும் கேட்டவள்தான். ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அதிலேயே இருந்திருக்கிறது. வாசகத்தை மட்டும் தேடிக் கேட்ட என் காதில் அது விழவில்லை.

பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாய் வெளியே போய் நின்றுகொண்டார். நான் சுதாவுக்கு போன் போட்டு, "ஒருத்தர் உங்ககிட்டப் பேசணும்கிறார்" என்று மட்டும் சொல்லி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் "அக்கா? அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"அம்மணி, நாந்தான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழும் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு சுதா பேசியது முழுவதும் கேட்டது, அவ்வளவு சத்தம். "மாமா! எங்க இருக்கீங்க? செக்கப்புக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுப் போனீங்களாமா? மத்தியான மாத்திரைய எடுத்துட்டுப் போகவேயில்லை. அங்கயே இருங்க. நான் வாரேன்."

"நீ சாப்பிட்டயா?" என்றார் அவர்.

4. சுதா வந்தது

காரை சுதாவேதான் ஓட்டிக்கொண்டு வந்தார். மாமனாரைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். மாத்திரையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, துணிப்பையை வாங்கி காரில் வைத்தார். அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங் கொரல ஆரக் கேட்டுட்டு அவருகிட்டப் போட்டுக் காட்டுனீங்க?"

இப்படி ஒரு அடி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நல்லது செய்த நினைப்பில் காபி போட்டு வைத்திருந்தேன்.

"பெட்டிய எங்காச்சும் போட்டுத் தொலைச்சிருப்பேன். உசுரோட இருக்கறவரு படத்தை எப்படிக் கொளுத்தறது, எப்படிக் குப்பையில போடறது? அதான் ஒளிச்சு வெச்சேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பேச்சு உங்களுக்கு மட்டும் சொன்னதுங்க. நான் அவரு முகத்தை இனி எப்படிப் பாப்பேன்?"

"போட்டிருக்கக் கூடாதுதானுங்க" என்றேன். காபியைக் குடிக்காமல் இருவரும் கிளம்பிவிட்டார்கள். பெரியவர் பின் ஸீட்டில் ஏறப் போனவர், சற்று நின்று, முன்னால் போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

5. மறு ஆர்டர்

இரண்டு மூன்று மாதம் கழித்து சுதா போன் செய்தார். பயந்துகொண்டே எடுத்தேன்.

"அக்கா, அட்டை தீந்துபோச்சுங்க."

"ஐயோ, எப்பங்க? என்ன ஆச்சு?"

"சேச்சே, மாமா தோட்டத்துல இருக்காருங்க. ஒடம்பு விசாரிக்க வாரவங்களுக்கெல்லாம் அவரே ஒண்ணொண்ணு எடுத்துக் குடுத்துட்டாருங்க. 'இப்பவே படிச்சுக்கங்க, அப்பறம் நீங்க படிக்கறது எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிக் குடுக்கறாரு. வேண்டாம்னா கேக்கறதில்லை. வந்தவங்க பயந்துபோயி காபியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போறாங்க."

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்றே தெரியவில்லை. சுதா சிரித்ததும் நானும் சிரித்தேன்.

"இன்னொரு நூறு வேணுமாம். ஒரு வரி சேக்கோணும்னு சொல்றாரு. இருங்க, அவரே பேசறாராம்."

பெரியவர் வந்தார். "எழுதிக்கங்க அம்மணி. 'கோபக்காரர். மருமகளோடு ஆறு வருடம் பேசவில்லை. தப்பு இவர் மேல்தான்.' அப்படியே போடுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "நினைவு அட்டையில இப்படியெல்லாம் போடமாட்டாங்களேங்க."

"நல்லதை மட்டும் போட்டா எங்க ஊருல ஒருத்தனும் நம்பமாட்டானுங்க."

போட்டேன். அதே எழுத்து, அதே பேப்பர், தேதிக்கு அதே காலி இடம்.

இப்போது நினைவு அட்டைக்கு யார் கேட்டாலும், ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்கிறேன். வேலை முடிந்ததும் கஸ்டமர் அனுப்பிய குரலை அழித்துவிடுகிறேன், இனி யார் வந்து கேட்டாலும் போட்டுக் காட்ட என்னிடம் எதுவும் இருக்காது. வாசகம் எழுதுவதற்கு முன் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: "அவருகிட்ட உங்களுக்குப் புடிக்காதது என்னங்க?" எல்லோரும் அதிர்ந்துபோகிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு போனை வைத்தும் இருக்கிறார்கள். வைக்காதவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதை ஏனுங்க கேக்கறீங்க" என்று ஆரம்பிப்பார்கள். நான் எழுத வேண்டியது அதற்குப் பிறகுதான் வரும்.