காலியாக வந்த கேரியர்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் மேனாம்பேட்டில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டினார். பிரசவத்துக்குப் பிறகு என் உடம்பு ஊதிவிட்டது. விடியற்காலையில் மண்ணூர்பேட்டை வரை நடப்பேன். மதியம் மோர் மட்டும் குடிப்பேன். மாலையில் அவருடைய சாப்பாட்டுக் கேரியர் பாதிச் சோற்றோடு திரும்பி வரும். கொட்ட மனம் வராது, பசி வேறு. வழித்துத் தின்றுவிடுவேன்.

ஒருநாள் ஆத்திரத்தில் கத்தினேன். “மிச்சம் வச்சு வச்சே என்னை குண்டாக்குறீங்க. ஒழுங்கா சாப்ட்டு வாங்க, இல்லேன்னா நாளையிலேர்ந்து கேரியரே கெடையாது!”

மறுநாளிலிருந்து கேரியர் காலியாக வந்தது. கழுவியும் இருந்தது. நான் இளைத்தேன். ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். அவரும் இளைத்துக்கொண்டுதான் இருந்தார். “அவ்ளோ சாப்ட்டும் சதை போடலையே, கொடுத்துவச்ச ஒடம்புங்க உங்களுக்கு” என்றேன் பொறாமையோடு. அவர் சிரித்தார்.

உணவுக்குழாயில் புற்று என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறியிருந்தது.

காரியத்தன்று, அவரோடு வேலை செய்த பையன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “அண்ணாத்தேக்கு சோறு எறங்கவே இல்ல அண்ணி. ரெண்டு வாய் துன்னுட்டு, மிச்சத்த ஷெட்டு பின்னால நாய்க்குப் போட்டுடுவாரு. ஊட்டுக்கு எடுத்துகினு போயேன்னா, ‘வாணாம்டா, அவ துன்னுடுவா. பாவம், இப்பத்தான் எளைச்சிகினு வர்றா’ம்பாரு.”

ஒரே வீட்டில் இரண்டு உடம்புகள் இளைத்துக்கொண்டிருந்தன. நான் என் உடம்பை மட்டும்தான் கவனித்தேன். அவரும் என் உடம்பை மட்டும்தான் கவனித்திருக்கிறார்.