தேசம்மாவின் இரண்டாவது தட்டு

செண்பகம் டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. நடந்தது என்று அவள் சொன்னால் நடந்ததுதான். அன்றிலிருந்து தட்டில் சோற்றை வைத்துவிட்டு அவள் முதுகைத் திருப்பியதே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கார்த்திகைப் புயல். மயிலாப்பூர்க் கடலோரக் குப்பம் ஒன்று அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. குடிசை இழந்தவர்களைக் கிறிஸ்தவப் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அங்கே பாடம் நடத்திய செண்பகம் கஞ்சி ஊற்ற வந்தாள். ஆளுக்கு ஒரு கரண்டி.

தேசம்மா மட்டும் இரண்டு தட்டு நீட்டுவாள். புயலன்று கட்டுமரத்தில் போன அவள் புருஷன் மிக்கேல் திரும்பவில்லை. அவன் வரும்வரை அவன் பங்கைத் தனியே போட்டுவைப்பது அவள் வழக்கம். தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சற்று நேரத்தில் தட்டு காலி.

"ரெண்டு பங்கையும் நீயே முழுங்கிக்கினு, புருஷன் மேல பழியா?" என்று வரிசையிலிருந்து கத்தினாள் முத்தம்மா.

"அவருதான் துன்றாரு. துன்ற வரைக்கும் உசுரோட கீறாரு" என்றாள் தேசம்மா.

நான்காம் நாள் மாலை. அண்டாவில் அடிக்கஞ்சிதான் மிச்சம். வரிசையில் குழந்தைகள் அழுதன. செண்பகத்துக்கு ஆத்திரம் பொங்கியது.

"வராத ஆளுக்கெல்லாம் கஞ்சி கிடையாது. எடு தட்டை!"

தேசம்மா கெஞ்சவில்லை. காலித் தட்டையே சுவரோரம் வைத்தாள்.

"பசிச்சா அவரு சும்மா இருக்க மாட்டாரு, டீச்சரம்மா."

மணி ஐந்து நாற்பது. செண்பகம் பக்கத்து வகுப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்கைத் திறந்தாள். தயிர்சாதம், ஒரு துண்டு நார்த்தங்காய். அம்மா சிவப்பு நூலில் கோத்துக் காயவைத்தது. நூல் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது.

கைகழுவ மூலையிலிருந்த பானைப் பக்கம் திரும்பினாள்.

கரக்...

பாத்திரத்தை விரலால் வழிக்கும் சத்தம்.

கரக்... கரக்...

திரும்பினாள். யாருமில்லை. தாழ் போட்டபடியே இருந்தது.

தூக்கு காலி.

அடியில் ஈர மணல்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருவான்மியூரிலிருந்து மாட்டுவண்டியில் மிக்கேலின் உடல் வந்தது. முந்தின நாள் நண்பகலிலேயே கரையொதுங்கியதாம். அப்போதிருந்தே ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்களாம். செத்து நான்கு நாள் இருக்கும் என்றார் டாக்டர்.

குளிப்பாட்டும்போது வாய் திறந்துகொண்டது.

உள்ளே சோறு. பல்லிடுக்கில் நார்த்தங்காய்.

சிவப்பு நூல்.

அது தன் தூக்கில் இருந்தது என்று பக்கத்தில் நின்ற செண்பகம் சொல்லிவிட்டாள். தேசம்மா அழவில்லை. செண்பகத்தையே பார்த்தாள்.

"இத்தினி நாளு என் தட்டுல துன்னாரு. நேத்து உன் சோத்த துன்னுட்டாரு. இனிமே உன்னாண்டதான் வருவாரு."